ஆய்வுக்குப் போகும் முன் ஆளை விசாரிக்கலாமா?

2014 ஜூலை 29. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, மோரீ நகருக்கு அப்பால் க்ரோப்பா க்ரீக் என்று ஒரு ஊர். கரிசல் மண், கண்ணுக்கெட்டிய தூரம் விளைநிலம். பொழுது சாயும் நேரத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலர்கள் இரண்டு பேர் அங்கே ஒரு பொதுச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பண்ணையில் அனுமதி இல்லாமல் மரங்களை அழித்த விவகாரம் சில வருடங்களாகவே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் பெயர் இயன் டர்ன்புல். வயது 79. அந்த வட்டாரத்தின் வசதியான விவசாயி. கையில் துப்பாக்கி.

க்ளென் டர்னர் என்ற 51 வயது அலுவலரை அவர் ஒரே குண்டில் கொல்லவில்லை. டர்னர் தன் வண்டியின் மறைவில் ஒளிந்து ஒளிந்து தப்பப் பார்க்க, ஏறத்தாழ இருபது நிமிடம் அது நீண்டது. கூட இருந்தவர் கெஞ்சிப் பார்த்தார். டர்னர் ஓட முயன்றபோது முதுகில் பாய்ந்த குண்டோடு எல்லாம் முடிந்தது. மற்றவரைச் சுடாமல், டர்ன்புல் வீட்டுக்குப் போய்விட்டார். போலீஸ் அங்கேயே வந்து அவரைக் கைதுசெய்தது. மனச்சோர்வு நோயால் நிலை தடுமாறியிருந்தார் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 2016இல் கொலைக்குற்றம் உறுதியானது. 35 ஆண்டு சிறைத் தண்டனை. 2017இல் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார்.

இந்த மாதிரிச் சம்பவம் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும்: ஆய்வுக்குப் போகும் முன் அந்த ஆளைப் பற்றி விசாரித்திருக்கக் கூடாதா? அவர் மேல் அடிதடி வழக்கு இருக்கிறதா, பிடிவாரண்டு இருக்கிறதா, வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று போலீஸ் பதிவேட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பல நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், இது ஒரு நடைமுறைக் கோரிக்கையாகவே முன்வைக்கப்படுகிறது. என் எண்ணம் இது: அந்தச் சோதனை தேவை, ஆனால் அதன்மேல் வைக்கிற நம்பிக்கை மிக அதிகம். கொலையில் முடிந்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், ஆபத்து பெரும்பாலும் போலீஸ் பதிவேட்டில் ஒளிந்திருக்கவில்லை. ஆய்வு செய்த துறையின் சொந்தக் கோப்பிலேயே இருந்தது.

கையில் பேனாவும் மாதிரி பாட்டிலும்

சுற்றுச்சூழல் ஆய்வாளர் என்பவர் யார்? ஆலையின் கழிவுநீரைப் பாட்டிலில் பிடிப்பவர், புகைக்கூண்டை அளப்பவர், குப்பைக் கிடங்கின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுபவர், காட்டு மரத்தை வெட்டிய நிலத்தைப் படம் எடுப்பவர். பெரும்பாலும் அறிவியலோ பொறியியலோ படித்தவர். துப்பாக்கி கிடையாது, கைதுசெய்யும் அதிகாரம் கிடையாது. சில இடங்களில் ஓட்டுநர்கூடக் கிடையாது, தானே வண்டி ஓட்டிப் போக வேண்டும். போகிற இடமோ ஊருக்கு வெளியே, செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடம். அதுவும் சொல்லாமல்தான் போக வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் சுத்தமான தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டு வர முடியும்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்கே குற்றப் புலனாய்வுப் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. அதன் அதிகாரிகளுக்கு 1988இல் நாடாளுமன்றம் முழுப் போலீஸ் அதிகாரம் கொடுத்தது. துப்பாக்கி வைத்திருப்பார்கள், கைதுசெய்வார்கள். 1990இல் வந்த சட்டம் அப்படிப்பட்டவர்கள் குறைந்தது 200 பேர் வேண்டும் என்றது. ஆனால் அன்றாடம் ஆலை ஆலையாகப் போகிறவர்கள் இவர்கள் இல்லை. அந்த வேலை சிவில் ஆய்வாளர்களுடையது. மாநில அரசுகளின் சுற்றுச்சூழல் துறைகளில் இருக்கும் ஆய்வாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் கள வேலையில் பெரும்பங்கு ஆயுதமில்லாத இவர்கள் தலையில்தான்.

உள்ளே விடமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால்? 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஐடாஹோ மாநிலத்தில் பார்லோ என்ற சிறுதொழில் நிறுவனத்தின் முதலாளி, தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் வாரண்டு வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே மறுப்பு வந்தால் ஆய்வாளர் வாக்குவாதம் செய்யாமல் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் வாரண்டோடு, தேவைப்பட்டால் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான மார்ஷல் துணையோடு வர வேண்டும். பாதுகாப்பின் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. சண்டை வரும் என்று தெரிந்த இடத்தில் வாசலிலேயே திரும்பிப் போக ஆய்வாளருக்கு ஒரு கௌரவமான வழி கிடைக்கிறது. ஆனால் மறுப்பு வாய்வார்த்தையாகத்தான் வரும் என்று எந்தத் தீர்ப்பும் உத்தரவாதம் கொடுக்க முடியாதே.

பதிவேடு யாருக்குத் திறக்கும்

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியக் குற்றத் தகவல் மையம் 1967இல் தொடங்கியது. அதில் தேடப்படுவோர் பட்டியல், நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுகள், திருடுபோன வண்டிகள் என்று பல கோப்புகள். இதோடு மாநிலங்களின் குற்ற வரலாற்றுப் பதிவுகளை இணைக்கும் ஓர் அட்டவணையும் உண்டு. 2012இல் வன்முறையாளர்களுக்கென்றே தனிக் கோப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. ஒரு போலீஸ்காரர் சாலையில் காரை நிறுத்தினால் இறங்கி அருகில் போவதற்கு முன்பே வண்டி எண்ணைச் சொல்லி இதையெல்லாம் பார்த்துவிட முடியும்.

சுற்றுச்சூழல் ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. காரணம் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், சட்டமே அப்படி. கூட்டாட்சி விதிகளின்படி இந்தத் தகவல் குற்றவியல் நீதிப் பணி செய்யும் அமைப்புகளுக்கு, அந்தப் பணிக்காக மட்டும். ஓர் அமைப்பின் ஆண்டுச் செலவில் கணிசமான பங்கு குற்றவியல் பணிக்குப் போக வேண்டும் என்றுகூட அந்த இலக்கணத்தில் இருக்கிறது. இபிஏவின் குற்றப் புலனாய்வுப் பிரிவு இதற்குள் வரும். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் சிவில் ஆய்வாளர் வரமாட்டார். நண்பர்தானே என்று புலனாய்வு அதிகாரி ஒரு பெயரைத் தட்டிப் பார்த்துச் சொன்னால் அது தகவல் துஷ்பிரயோகம். ஒவ்வொரு தேடலுக்கும் காரணக் குறியீடு பதிவாகும், தணிக்கை உண்டு. சொந்தக் காரணத்துக்காகப் பெயர் தேடி வேலை இழந்த போலீஸ்காரர்கள் அங்கே உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வன்முறையாளர் கோப்பில் தண்டனை பெற்றவர்கள் மட்டும் இல்லை. போலீஸையோ நீதித்துறை சார்ந்தவர்களையோ தாக்கப் போவதாகத் தீவிரமாக மிரட்டியவர்களையும் சேர்க்கலாம். கழிவுநீர் மாதிரி எடுக்க வந்தவரைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியவரை அந்த வகையில் சேர்ப்பது கடினம். அரசுக்காகத்தான் இவரும் போகிறார், மிரட்டல் இவருக்கும் அதேதான். ஆனால் பட்டியலை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது சீருடை போட்ட ஆள்.

ஆகவே மாநிலங்கள் தங்கள் அளவில் வழி தேடுகின்றன. சில மாநிலங்களில் நீதிமன்ற வழக்கு விவரங்கள் பொதுமக்களுக்கே திறந்திருக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் வழக்குத் தேடல் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுப் பார்க்கலாம், கட்டணமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் மாநிலப் போலீஸே தண்டனை விவரங்களை இணையத்தில் தருகிறது. அங்கெல்லாம் ஆய்வாளருக்குச் சிறப்பு அனுமதி எதுவும் தேவையில்லை, பத்து நிமிட வேலை. மற்ற மாநிலங்களில் சட்டத்தைத் திருத்தி, ஆய்வாளரின் உயிர்ப் பாதுகாப்பு என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் பார்க்கலாம் என்று எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சரி, பதிவேடு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்போம்? கைது இருக்கும், அந்த வழக்கு என்ன ஆனது என்பது பல நேரம் இருக்காது. விடுதலையான வழக்கும் மிரட்டும் தோற்றத்தோடு நிற்கும். கைரேகை இல்லாமல் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயர்க்காரர் யாரோ ஒருவருடைய பாவம் இவர் கணக்கில் ஏறும். முதலெழுத்தும் அப்பா பெயருமாக வாழ்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வட்டத்துக்குள் எத்தனை எஸ். முருகன், எத்தனை எம். செல்வம்!

இதைவிடப் பெரிய சிக்கல், யார் பெயரைத் தேடுவது என்பது. உரிமம் ஒரு கம்பெனி பெயரில் இருக்கும். நிலம் வேறொருவர் பெயரில். கேட்டில் நிற்கும் காவலாளி யார், லாரி ஓட்டுபவர் யார், உள்ளே வேலை செய்யும் மைத்துனர் யார் என்று எந்த ஆவணமும் சொல்லாது. க்ரோப்பா க்ரீக்கில் பிரச்சினைக்குரிய பண்ணைகள் வாங்கப்பட்டது டர்ன்புல்லின் மகன், பேரன் பெயர்களில். பட்டாவைப் பார்த்துப் பெயர் தேடுகிற குமாஸ்தா, துப்பாக்கியோடு வரப்போகிற கிழவரின் பெயரைத் தேடியே இருக்கமாட்டார்.

துப்பாக்கிப் பதிவேடு? ஆஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு துப்பாக்கி எல்லாமே பதிவில் இருக்க வேண்டும் என்று சட்டம் கடுமையானது. அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கலாம் என்பார்கள். பார்த்தால், அந்த வட்டாரத்தில் பண்ணைக்குப் பண்ணை உரிமத்தோடு துப்பாக்கி இருப்பது தெரிந்திருக்கும். எல்லா வாசலிலும் எரிகிற சிவப்பு விளக்கு யாரையும் எச்சரிக்காது.

கொன்றவர்கள் முன்பின் தெரியாதவர்களா?

2000 ஜூன் 21, கலிஃபோர்னியாவின் சான் லியாண்ட்ரோ. இவர்கள் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் இல்லை, இறைச்சி ஆய்வாளர்கள். ஆனால் வேலையின் தன்மை ஒன்றுதான். ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்பவர் போர்த்துகீசியப் பாணி சாசேஜ் தயாரிக்கும் ஆலை வைத்திருந்தார். உரிமம், தயாரிப்பு முறை என்று மத்திய, மாநில ஆய்வாளர்களோடு நீண்ட தகராறு. ஆய்வாளர்கள் தன்னையும் தன் ஆட்களையும் துன்புறுத்துகிறார்கள் என்று ஆலை முகப்பிலேயே வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு எழுதி மாட்டியிருந்தார். அன்று நான்கு பேர் போனார்கள். மூன்று பேரை ஆலைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். நான்காமவர் தெருவில் ஓடித் தப்பினார். அத்தனையும் அலெக்சாண்டரே பொருத்தியிருந்த கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. மரண தண்டனை கிடைத்தது. நிறைவேறும் முன் 2005இல் சிறையில் இறந்தார்.

குற்ற வரலாற்றுச் சோதனையை ஆதரிப்பவர்களுக்கு இது வலுவான உதாரணம். முதியவரான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைத் தாக்கியதற்காக அலெக்சாண்டர் சில ஆண்டுகளுக்கு முன்பே கைதானவர். பதிவேட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலை வாசலில் பெரிய எழுத்தில் மாட்டியிருந்த அந்த அறிவிப்பு இருக்கிறதே, அதைப் படிக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படவில்லை.

2004 ஜனவரி 28, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் உனாயி. பண்ணைத் தொழிலாளர்களின் நிலைமையைப் பார்க்கப் போன தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் மூன்று பேரும் அவர்களுடைய ஓட்டுநரும் நாட்டுப்புறச் சாலை ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் கூலிப்படை. ஏவியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களில் அந்த வட்டாரத்தின் மிகப்பெரிய பீன்ஸ் உற்பத்தியாளர்களான அண்ணன் தம்பி இருவர் உண்டு. பண்ணை மீது அபராதம் விதித்த ஆய்வாளர்தான் இலக்கு. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போதே அந்த ஆண்டு நடந்த தேர்தலில் சகோதரர்களில் ஒருவர் உனாயியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆளை, ஆபத்தானவர் என்று எந்தப் பதிவேடு காட்டியிருக்கும்?

க்ரோப்பா க்ரீக்கும் இதே ரகம்தான். 79 வயது வரை ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர், வன்முறையாளர் பட்டியலில் தேடினால் அகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் சுற்றுச்சூழல் துறையின் அலமாரியில் அவர் பெயர் தடித்த கோப்பாக இருந்தது. 2003ஆம் ஆண்டின் இயற்கைத் தாவரச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்கு. மரங்களை அழித்ததை ஒப்புக்கொண்டு, 1,40,000 டாலர் அபராதம். அழித்த நிலத்தை மறுபடி காடாக்கவும் வேண்டும். அந்தச் சட்டத்தின் மீதே அந்தப் பகுதி விவசாயிகளுக்குக் கோபம். பல பேருடைய கோபம் ஒரு துறையின் மேல் இருந்தது. ஒருவருடைய கோபம் மட்டும் அந்தத் துறையின் ஒரு குறிப்பிட்ட அலுவலர் மேல் குவிந்தது. எத்தனையோ பேரில் டர்னரை மட்டும் குறிவைத்தார் என்பதையும், மற்றவரைச் சுடாமல் விட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

மூன்று இடத்திலும் கொன்றவருக்கோ, கொல்ல ஏவியவருக்கோ ஆய்வுத் துறையோடு ஏற்கெனவே வழக்கோ அபராதமோ தகராறோ இருந்தது. பெரிய பணம் ஆட்டத்தில் இருந்தது. குற்ற வரலாற்றுச் சோதனை அந்நியரைப் பற்றிச் சொல்லும் கருவி. இந்தக் கொலைகளுக்குக் காரணமானவர்கள் யாருமே அந்தத் துறைகளுக்கு அந்நியர்கள் இல்லை.

குப்பை லாரியும் கைரேகையும்

இதே சோதனை நன்றாக வேலை செய்கிற இடமும் ஒன்று உண்டு. அது வாசல் இல்லை, உரிமம் கொடுக்கும் மேசை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குப்பை அள்ளும் தொழில் பல பத்தாண்டுகள் மாஃபியா கும்பல்களின் பிடியில் இருந்தது. 1989 ஆகஸ்டில் லாங் ஐலண்டில் இரண்டு பேர் தங்கள் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; கும்பலுக்குப் பணியாமல் தொழில் செய்து, அரசு விசாரணைக்கும் உதவியவர்கள். நியூ ஜெர்சி 1983லேயே ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஏ-901 என்று அதைச் சொல்வார்கள். திடக்கழிவு, அபாயகரமான கழிவுத் தொழிலில் இறங்க விரும்பும் நிறுவனத்தின் முக்கிய நபர்கள் தங்கள் பின்னணியை முழுவதும் வெளியிட வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரம் 1996இல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது.

இங்கே கைரேகை இருப்பதால் பெயர்க் குழப்பம் கிடையாது. விண்ணப்பிப்பவர் சம்மதித்தே கொடுக்கிறார், தவறு இருந்தால் மறுத்து வாதாட அவகாசமும் இருக்கிறது. உரிமம் என்பது ஒரு சலுகை, அதைக் கேட்பவர் கைவசம் வைத்திருப்பதைக் காட்டட்டும் என்பது சட்டத்தின் நிலை. என் பார்வையில், ஆய்வாளரின் பாதுகாப்புக்கும் இதுதான் சரியான வாசல். உரிமம் கொடுக்கும்போதே பார்த்துவிட்ட விவரத்திலிருந்து, களத்துக்குப் போகிறவருக்குத் தேவையான ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம்: இந்த இடத்துக்குத் தனியாகப் போகாதே. ஏன் என்ற விவரம் அவருக்குத் தேவையில்லை. அந்தரங்கமும் காக்கப்படும், உயிரும்.

உரிமமே வாங்காமல் தொழில் நடத்துகிறவர்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மை. மணல் திருடுகிறவர் எந்த மேசைக்கும் கைரேகை கொடுக்க வரமாட்டார்.

முறப்பநாட்டில் நடந்தது

தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கரையில் முறப்பநாடு. 2023 ஏப்ரல் 25 அன்று கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தவர் அவர். கொலைக்கு அந்தப் புகார்தான் காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

வி.ஏ.ஓ. சுற்றுச்சூழல் ஆய்வாளர் இல்லையே என்று கேட்கலாம். பதவிப் பெயரில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு ஆறுகளில் மணல் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர், எழுதி அனுப்ப வேண்டியவர் அவர்தான். போலீஸ்காரராக இருந்தாலும் தப்ப முடியாது என்ற நிலைமையும் நமக்குத் தெரியும்: 2018 மே மாதம் நாங்குநேரிப் பக்கம் மணல் வண்டியைப் பிடிக்கப் போன தனிப்பிரிவுக் காவலர் ஜெகதீஷ் துரை அடித்துக் கொல்லப்பட்டார்.

முறப்பநாட்டை நம் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள். லூர்து பிரான்சிஸ் யாருடைய குற்ற வரலாற்றையும் கணினியில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரலாற்றில் ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். தகவல் வி.ஏ.ஓ.விடம் இருந்தது, காவல் நிலையத்திலும் இருந்தது. இல்லாமல் போனது, புகார் கொடுத்த அலுவலர் இனி குறிவைக்கப்படலாம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப எதையாவது மாற்றுகிற ஒரு கை. அவர் வழக்கம்போல் அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கே இருப்பார் என்று தேட வேண்டிய அவசியம்கூடக் கொலையாளிகளுக்கு இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்களின் நிலைமையும் தூரத்தில் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் எந்த ஆலைக்குள்ளும் நுழைந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் தருகின்றன. நுழைந்த பிறகு என்ன ஆகும் என்பது அவரவர் சாமர்த்தியம். நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் வலையமைப்பு 2009இல் ஒப்புதல் பெற்று வந்தது, அது போலீஸுக்கானது. ஆலை நடத்த வாரியம் தரும் இசைவாணைக்கு விண்ணப்பிக்கும்போது நிலம், இயந்திரம், கழிவுநீரின் அளவு எல்லாம் கேட்பார்கள். முதலாளி மேல் கொலை முயற்சி வழக்கு இருந்தாலும், அதைக் கேட்பது அந்தப் படிவத்தின் வேலை இல்லை. ஆய்வாளரைத் தடுத்தாலோ தாக்கினாலோ முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவு இருக்கிறது. அது அடி விழுந்த பிறகு உதவும் சட்டம்.

நம் ஊரில் இன்னொரு வேறுபாடு உண்டு. யார் சரித்திரப் பதிவேடு குற்றவாளி என்பது காவல் நிலையத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தெரிந்த விஷயம். டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாவட்டப் பொறியாளரின் ஓட்டுநருக்கு, எந்தக் கல் உடைக்கும் கிரஷருக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது எந்தக் கணினியையும்விட நன்றாகத் தெரியும். அந்த அறிவு எழுத்தில் ஏறுவதில்லை. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் கூடவே ஓய்வு பெற்றுவிடும், புதிதாக மாறுதலாகி வந்த உதவிப் பொறியாளர் எதுவும் தெரியாமல் அதே கிரஷருக்குத் தனியாகப் போவார்.

பயத்தால் போகாமல் விட்ட இடம்

இந்தச் சோதனையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்க விளைவு இருக்கிறது. ஒரு இடத்தின் மேல் ஆபத்து என்று முத்திரை விழுந்துவிட்டால் அங்கே போகாமல் இருக்கக் காரணம் கிடைத்துவிடும். முதல் மாதம் போலீஸ் துணை கேட்டுக் கடிதம் போகும். ஸ்டேஷனில் ஆள் இல்லை என்று பதில் வரும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். வருடம் முடியும்போது அந்தப் பகுதியிலேயே மோசமான கழிவை விடும் ஆலை ஒரு தடவைகூட ஆய்வு செய்யப்படாமல் இருக்கும். ஒழுங்காக இருக்கும் பக்கத்து ஆலைக்கு மூன்று தடவை நோட்டீஸ் போயிருக்கும். ரவுடித்தனத்துக்கு அரசே கொடுக்கும் வரிவிலக்கு மாதிரி ஆகிவிடும் அது. கழிவுநீர் போய்ச் சேரும் ஊர்க்காரர்களின் பாதுகாப்பை எந்தப் படிவத்திலும் எழுதமாட்டார்கள்.

ஆகவே சோதனை செய்வதென்றால், அதன் முடிவு என்ன செய்ய வைக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். சிவப்பு விழுந்தால் போகாதே என்று எழுதினால் அது கேடு. இருவராகப் போ, இத்தனை நாளுக்குள் போ, போலீஸ் துணையை இன்ன அதிகாரி ஏற்பாடு செய்து தர வேண்டும், தராவிட்டால் யார் பதில் சொல்வது என்று எழுதினால்தான் அது பாதுகாப்பு.

துறையின் சொந்தக் கோப்புக்கு வருவோம். இதற்குச் செலவு அதிகமில்லை, சட்டத் திருத்தமும் வேண்டாம். ஒவ்வொரு ஆய்வுக்குப் பிறகும் இரண்டு வரி எழுதினால் போதும்: யார் இருந்தார்கள், எப்படிப் பேசினார்கள், கதவைப் பூட்டினார்களா, நாயை அவிழ்த்து விட்டார்களா, பெயர் சொல்லி மிரட்டினார்களா. பட்டாவில் பெயர் இல்லாத ஆளையும் இந்தக் கோப்பு பிடிக்கும். க்ரோப்பா க்ரீக் மாதிரி இடத்தில் மகனும் பேரனும் உரிமையாளர்களாக இருக்கும்போதே தாத்தாவைப் பற்றி எழுத முடிவது இதில்தான். மறுமுறை போகிறவர் புறப்படும் முன் இதைப் படித்தாக வேண்டும். போன தடவை மிரட்டப்பட்டவரையே மறுபடி அங்கே அனுப்பக் கூடாது. அபராதம், வழக்கு, இயந்திரப் பறிமுதல், மூடல் உத்தரவு இவற்றில் ஏதாவது ஒன்று போன அடுத்த சில வாரங்களை ஆபத்துக் காலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆள் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும்.

இந்தக் கோப்பும் தப்பாகப் போகலாம் என்பதை மறுக்கவில்லை. லஞ்சம் தராதவரை முரடர் என்று எழுதிவைக்கிற ஆய்வாளரும் உலகத்தில் உண்டு. அதனால் என்ன எழுதப்பட்டது என்பதை மேலதிகாரி ஒருவர் பார்க்க வேண்டும், குறிப்பிட்ட காலம் கழித்துப் பழைய குறிப்புகள் நீங்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் பதில் சொல்லவும் ஒரு வழி வேண்டும்.

போலீஸ் பதிவேட்டுக்கு இதில் இடம் எங்கே? இரண்டாவது படியில். சொந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லாத புது இடம், நள்ளிரவுப் புகார், உரிமமில்லாத கிடங்கு, யாருடையது என்றே தெரியாத லாரிகள். அங்கே போகும் முன் ஒரு போலீஸ் அதிகாரி பதிவேட்டைப் பார்த்து, விவரம் எதுவும் சொல்லாமல் தனியாகப் போகலாம் அல்லது துணையோடு போங்கள் என்ற ஒற்றைப் பதிலை மட்டும் தரலாம். தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை. கனிமத் திருட்டைத் தடுக்க மாவட்ட அளவில் வருவாய்த் துறை, கனிமவளத் துறை, போலீஸ் அதிகாரிகள் ஒரே மேசையில் உட்காரும் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. கடந்த மாதம் புகார் எழுதிக் கொடுத்த அலுவலர்கள் யார் யார், அவர்கள் இப்போது எங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் வரியாகச் சேர்த்தால் போதும்.